முகவரிப் பதிவு இல்லை, தூக்கமும் இல்லை: பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாமா?

வாசகியின் கடிதம்

ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அவருக்கு வயது 23. கிழக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் முதுகலை படிக்கிறார். முதல் ஓராண்டு மாணவர் விடுதியில், இந்திய மாணவர்கள் நிறைந்த ஒரு தளத்தில் கழிந்தது. பாடத்திட்டம் கட்டாயமாக்கியிருக்கும் ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்காக 2025 செப்டம்பர் நடுவில் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாது என்பதால் விடுதி அறையைக் காலி செய்துவிட்டார். இப்போது ஒரு பெண்மணி வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையில் உள்வாடகைக்கு இருக்கிறார். ஒப்பந்தப்படி வாடகை 480 யூரோ. வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவற்றுக்கு 140 யூரோ. முன்பணமாக 1,800 யூரோவை ரொக்கமாகக் கொடுத்தார், ரசீது இல்லை. "இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது" என்று அந்தப் பெண்மணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கினால் பதிவே தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர். "என் விடுதி முகவரியைப் போட்டுக்கொள்" என்கிறார் இன்னொருவர். குடியிருப்பு அனுமதி பிப்ரவரி கடைசியில் முடிகிறது.

நிறுவனம் மாதம் 900 யூரோ தருகிறது. அடுத்த மேசையில் இருக்கும் ஜெர்மானியப் பயிற்சி மாணவருக்கோ இரண்டு மடங்குக்கு மேல். வாரம் 40 மணி நேரம் என்று ஒப்பந்தம் சொன்னாலும், இவர் காலை எட்டு மணிக்குப் போய் இரவு ஏழரை மணி வரை இருக்கிறார். ஆள் அசைவு இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும் விளக்குகள் என்பதால், மாலையில் தனியே அமர்ந்து அவ்வப்போது கையை உயர்த்தி ஆட்டி வெளிச்சத்தை வரவழைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் பாராட்டுவதுமில்லை, திட்டுவதுமில்லை. ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு, "இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ" என்று அவர் சொன்னதைத் தன் வேலை பிடிக்காமல் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அன்று இரவெல்லாம் இவர் தூங்கவில்லை. புகார் சொன்னால் விசா போய்விடும் என்று பயப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழுகை வருகிறது. கல்விக் கடனுக்குத் தந்தை உத்தரவாதம் கொடுத்திருப்பதால், வீட்டாரிடம் காணொளி அழைப்பில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்லிவருகிறார்.

"ஓராண்டாக இந்த நாட்டில் இருந்தும் என்னால் இங்கே வாழ முடியவில்லை. நான் இதற்குத் தகுதியில்லாதவளா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாமா?" என்று கேட்கிறார்.

ஆலோசனை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அறைச் சிக்கல், சம்பளக் குறை, வேலை நேரம், தூக்கமின்மை என்று பலவற்றை எழுதிவிட்டு, அத்தனைக்கும் சேர்த்து ஒரே காரணமாக உங்கள் தகுதியின்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை. நீங்கள் எழுதியவற்றில் ஒன்று சட்டத்தின் சிக்கல். இன்னொன்று கேட்காமலே விடையை ஊகித்துக்கொண்டதால் வந்தது. மற்றொன்று உடலும் பருவமும் சேர்ந்து செய்வது. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. மூன்றையும் "நான் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் எதற்குமே வழி பிறக்காது.

முதலில் அந்த ஓராண்டைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஓராண்டு வாழ்ந்த பிறகும் பழகவில்லையே என்று வருந்துகிறீர்கள். அந்த ஓராண்டில் உங்களைச் சுற்றி உங்கள் மொழி பேசுபவர்கள் இருந்தார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. விடுதி நிர்வாகமே அறையையும் ஒப்பந்தத்தையும் பதிவுக்கான சான்றையும் கையில் கொடுத்தது. ஜெர்மன் மொழி பேசும் அலுவலகத்தில், தெரிந்தவர் எவரும் இல்லாத நகரத்தில், தனியாக வீடு தேடி வாழ்வது உங்களுக்குச் செப்டம்பரில்தான் தொடங்கியது. வெளிநாட்டு வாழ்க்கையில் நீங்கள் இப்போது இரண்டு மாதக்காரி. அதற்குரிய தடுமாற்றம்தான் உங்களுக்கு வந்திருக்கிறது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வே நாட்டு உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதியதும், மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி எழுதியதும் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகின்றன. தொடக்க உற்சாகம், பிறகு ஒரு சரிவு, பிறகு மெல்ல மீள்வது என்ற வளைவை அவர்கள் காட்டினார்கள். அந்த வளைவு எல்லோருக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சிலருக்கு உற்சாகக் கட்டமே இருப்பதில்லை. முதல் மாதங்களே மிகக் கடினமானவையாக அமைந்துவிடுகின்றன. அன்றாடம் செய்தறிந்த சிறு காரியங்கள்கூடக் கைக்கு வராமல் போகும்போது மனிதர்கள் சோர்ந்துபோவது இயல்பு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

முதலில் முகவரி

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே அவசரமானது இது ஒன்றுதான். நீங்களோ இதைக் கடைசியில், இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

2015 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மனியின் கூட்டாட்சிப் பதிவுச் சட்டத்தின்படி, புதிய வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரங்களுக்குள் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் எல்லோரும் அன்மெல்டுங் என்று சொல்வது இதைத்தான். ஆறு மாத விலக்கு பற்றி நண்பர் சொன்னது பாதி உண்மை. ஜெர்மனிக்குள் ஏற்கெனவே ஒரு வீட்டில் பதிவாகி இருப்பவர், அதை வைத்துக்கொண்டே, ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்குவதற்காக இன்னொரு வீட்டுக்குப் போனால் அங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை. விடுதி அறையை வைத்திருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு உதவியிருக்கும். அதைக் காலி செய்துவிட்டதால் இப்போதைய அறைதான் உங்கள் ஒரே வீடு. ஆகவே பதிவு செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு நண்பர் சொன்ன வழியில் தயவுசெய்து போகாதீர்கள். உண்மையில் குடியிருக்காத முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது. அப்படி முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. உங்களுக்கு உதவ வந்தவரை நீங்களே ஆபத்தில் மாட்டிவிடுவீர்கள்.

பதிவுக்கு, வீடு தருபவரின் உறுதிச் சான்று தேவை. உள்வாடகைக்கு விட்டவருக்கும் அதைத் தரும் கடமை உண்டு. விருப்பப்பட்டால் தரலாம் என்ற சலுகை அவருக்குக் கிடையாது. அவர் மறுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: வீட்டின் உரிமையாளரிடம் கேட்காமலே உங்களை வைத்திருக்கிறார். உள்வாடகைக்கு விட உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லையென்றால் உரிமையாளர் அவருடைய குத்தகையையே முறித்துக்கொள்ள நேரலாம். அப்போது உங்கள் அறையும் போகும். ஆகவே அந்தப் பெண்மணியின் கண்டிப்பில் உங்கள் மீதான வெறுப்பைத் தேடாதீர்கள். அது அவருடைய பயம். ஆனால் அவருடைய பயத்துக்கான விலையை நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

தாமதமாகப் பதிவு செய்தால் விசா ரத்தாகும் என்று நினைத்து நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறீர்கள். இது தவறான எண்ணம். தாமதப் பதிவு ஒரு நிர்வாகக் குற்றம். அதற்கு 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சான்று மறுக்கப்பட்டதற்கான ஆதாரத்தோடு தானாகவே வந்து சொல்பவரை அலுவலர்கள் வேறு விதமாகவே பார்க்கிறார்கள். உங்களை நெருங்கிவரும் ஆபத்து வேறு. பிப்ரவரியில் முடியும் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க, நீங்கள் இப்போது வசிக்கும் ஊரின் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஊரில் உங்கள் பெயர் பதிவாகியிருக்காவிட்டால், அந்த விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும். அனுமதி முடியும் நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கருதும். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பாதுகாப்பு உறுதியில்லை. பெரிய நகரங்களில் நேர ஒதுக்கீடு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது என்பதால் நவம்பர் முடிவதற்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரிடம் வாய்மொழியாகப் பேசி வாதாடாமல், இன்றே மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். பணிவாகவும் தெளிவாகவும் இருந்தால் போதும்: "செப்டம்பர் முதல் இந்த அறையில் குடியிருக்கிறேன். முன்பணம் 1,800 யூரோவை ரொக்கமாக இன்ன தேதியில் உங்களிடம் கொடுத்தேன். பதிவுக்கான உறுதிச் சான்றும், முன்பணத்துக்கான ரசீதும் இன்ன தேதிக்குள் வேண்டும்." அவர் "சரி" என்று பதில் போட்டாலும், "முடியாது" என்று போட்டாலும், பணம் கொடுத்ததை மறுக்காத ஒவ்வொரு பதிலும் உங்களுக்கு ஆதாரம். சான்று வராவிட்டால் ஒப்பந்தத்தையும் இந்தச் செய்தியையும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். வீடு தருபவர் சான்று தர மறுத்தால் அதைத் தாமதமின்றி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்படி சட்டமே சொல்கிறது. அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

முன்பணத்திலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. வெப்பமூட்டல் முதலிய செலவு சேராத வாடகை, அதாவது கால்ட்மீட்ட, எவ்வளவோ அதன் மூன்று மடங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் அது 480 யூரோ. ஆகவே உச்சவரம்பு 1,440. நீங்கள் 360 யூரோ அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. இந்தத் தொகைக்காக இப்போதே சண்டைக்குப் போக வேண்டாம். வீடு மாறும் நாளில் கணக்குத் தீர்க்கும்போது கேட்கலாம்.

ஆம், வீடு மாறத்தான் சொல்கிறேன். எழுத்து ஒப்புதல் இல்லாத உள்வாடகை அறையில், பதிவுக்கே சண்டையிட்டு ஆறு மாதத்தை ஓட்டுவது உங்கள் உடல்நலத்துக்கு உகந்ததன்று. இருக்கும் நகரத்தின் மாணவர் நல அமைப்பான ஷ்டுடீரெண்டன்வெர்க்கில் இடைக்கால அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சிக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ போகும் மாணவர்கள் தங்கள் விடுதி அறையை முறையான ஒப்புதலோடு சில மாதங்களுக்கு விட்டுப்போவது வழக்கம். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும் கேளுங்கள். பயிற்சி மாணவர்களுக்கு அறை தேடித் தருவது அவர்களுக்குப் புதிதல்ல. அறையைப் பார்க்கும் முன்பே பணம் கேட்பவரை, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். "பதிவு செய்யலாமா?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இப்போதைய ஒப்பந்தம் காலவரையறை இல்லாததாக இருந்தால், அறையை விட்டவரும் அதே வீட்டில் குடியிருந்து அவரே பொருட்களையும் போட்டுத் தந்த அறைக்கு, மாதம் 15ஆம் தேதிக்குள் அறிவித்து அந்த மாதக் கடைசியிலேயே காலி செய்யலாம். ஆனால் அந்த அறிவிப்பு கையொப்பமிட்ட தாளில் இருக்க வேண்டும், மின்னஞ்சல் போதாது. காலவரையறை உள்ள ஒப்பந்தம் என்றால் மாணவர் பேரவையின் இலவசச் சட்ட ஆலோசனையிலோ வாடகைதாரர் சங்கத்திலோ ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: இங்கே தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். உங்கள் பெயர் அந்தப் பெட்டியில் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமும் வங்கியின் கடிதமும் வந்த வழியே திரும்பிப்போயிருக்கும். அறை மாறும் நாளில் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவதுதான்.

சம்பளத்தில் பாகுபாடு இருக்கிறதா?

நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. 2015இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பல்கலைக்கழக விதி கட்டாயமாக்கிய பயிற்சிக்குப் பொருந்தாது. மாணவர் தாமாக விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டுமானால் அதற்கு முதல் நாளிலிருந்தே பொருந்தும். 2025இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி 1 முதல் 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம் என்றால் 2025 கணக்கில் மாதம் 2,200 யூரோவுக்குச் சற்று மேலே வரும். அடுத்த மேசை மாணவர் வாங்குவதாக நீங்கள் சொல்லும் தொகையும் ஏறக்குறைய அதுவே. அவருடைய பயிற்சி விருப்பப் பயிற்சியாக இருக்க வேண்டும். ஒரு முறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவரும் கட்டாயப் பயிற்சியில்தான் இருக்கிறார் என்றால், அப்போது மனிதவளப் பிரிவில் காரணம் கேட்பது நியாயம்.

இந்த விதி எனக்கு உவப்பானதல்ல. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மட்டும், பாடத்திட்டத்தில் உள்ள ஒரு வரிக்காகப் பாதிக்கும் குறைவாக வாங்குவது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது எல்லா நாட்டு மாணவருக்கும் ஒன்றுபோல் இருக்கும் விதி. உங்களைக் குறிவைத்தது அன்று. கட்டாயப் பயிற்சியால் உங்களுக்கு வேறு பலனும் உண்டு. படிப்பின் நடுவில் வரும் கட்டாயப் பயிற்சிக்குச் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை. வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வரம்பில் இந்த ஆறு மாதம் கணக்கில் சேராது. நீங்கள் இதை விட்டுவிட்டு வேறொரு விருப்பப் பயிற்சிக்குப் போனால் அந்த நாட்கள் கணக்கில் ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரவு ஏழரை மணி வரை

அந்த விளக்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. யாரும் இருக்கச் சொல்லாத இடத்தில், யாரும் பார்க்காத உழைப்பை நீங்கள் தந்துகொண்டிருக்கிறீர்கள். முதலில் கிளம்பினால் அக்கறையில்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் அதற்குக் காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஜெர்மன் வேலைநேரச் சட்டத்தின் அடிப்படை ஒரு நாளைக்கு 8 மணி நேரம். பிற்பாடு சராசரி எட்டுக்கு வரும்படி ஈடுசெய்தால் 10 மணி நேரம் வரை நீட்டலாம். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் 30 நிமிடமும், ஒன்பதைத் தாண்டினால் 45 நிமிடமும் இடைவேளை. இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு. பயிற்சி மாணவர்களுக்கும் நிறுவனங்கள் இதே எல்லையைத்தான் வைத்திருக்கின்றன. காலை எட்டிலிருந்து இரவு ஏழரை வரை என்றால், இடைவேளையைக் கழித்த பிறகும் நீங்கள் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். எல்லை மீறினால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மேற்பார்வையாளர். "வீட்டுக்குப் போ" என்று அவர் சொன்னதில் கோபம் இருந்திருக்க வாய்ப்பில்லை. தன் பொறுப்பில் உள்ள மாணவியின் நேரத்தை அவர் கவனித்திருக்கிறார். நான் படித்தவரையில், உங்கள் கடிதத்தில் உங்கள் மீது ஒருவர் அக்கறை காட்டிய இடம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் நீங்கள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள்.

பாராட்டில்லை என்பதும் இதைப் போன்றதுதான். நீங்கள் இருக்கும் ஷ்வாபிய வட்டாரத்தில், திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு என்று பழமொழியே உண்டு. அதற்காக நீங்கள் இருட்டில் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவரிடம் அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவாகாது. அந்தச் சந்திப்பில் இரண்டு கேள்விகள் போதும். இதுவரை செய்த வேலையில் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்? மார்ச் மாதத்துக்குள் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? பதில் நேரடியாக, சில சமயம் சுருக்கென்று வரும். அது வேலையைப் பற்றிய பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிவில் தரப்படும் சான்றிதழில் உங்கள் பணியின் தன்மை எழுதப்பட வேண்டும் என்பதையும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள்.

அடுத்த வாரம் முதல் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். முதல் சில நாட்கள் குற்ற உணர்ச்சி வரும். வந்தாலும் கிளம்புங்கள்.

புகாரும் விசாவும்

உங்கள் குடியிருப்பு அனுமதி படிப்புக்காகத் தரப்பட்டது. அது நிறுவனத்தோடு கட்டப்பட்டதன்று. அதை ரத்து செய்யும் அதிகாரம் எந்த மேலாளருக்கும் இல்லை. கேள்வி கேட்டதற்காகவோ, உரிமையைச் சொன்னதற்காகவோ, பயிற்சியையே விட்டதற்காகவோகூட மாணவர் அனுமதி தானாகப் போய்விடாது. நீட்டிப்பின்போது குடிவரவு அலுவலகம் பார்ப்பது படிப்பு முன்னேறுகிறதா, செலவுக்குப் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்பவற்றை. வேலையிடத்தில் சிக்கல் பெரிதானால் "ஃபேர் இன்டகிரேஷன்" என்ற அரசு நிதியில் நடக்கும் ஆலோசனை நிலையங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனையை இலவசமாகத் தருகின்றன. உங்கள் நிலைமை அந்த அளவுக்கு வரவில்லை என்றே கருதுகிறேன். இருந்தாலும் அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

அழுகை வரும் ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், தெரு அடங்கிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு, நவம்பர் நடுவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நீங்கள் எழுதியபடியே பார்த்தால், வார நாட்களில் வெளிச்சம் வரும் நேரத்தில் அலுவலகத்துக்குள் நுழைந்து, இருட்டிய பின் வெளியே வருகிறீர்கள். வெயில் குறையும் மாதங்களில் வரும் மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984இல் மருத்துவ உலகுக்கு விளக்கமாக எழுதினார்கள். வெளிச்சக் குறைவு தூக்கத்தையும் மனநிலையையும் குலைப்பது உடலின் இயல்பு. அதில் மன உறுதிக் குறைவு ஒன்றுமில்லை. மதிய இடைவேளையில் மேகமூட்டமாக இருந்தாலும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். மூடிய வானத்தின் வெளிச்சம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் ஒரு எல்லைக்கோட்டையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான நாட்களில் மனம் கீழேயே கிடப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் குலைவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் சில இருக்கின்றன, ஆகவே காத்திருக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழக ஊரின் ஷ்டுடீரெண்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனைப் பிரிவு இருக்கிறதா, காணொளி வழியாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். பொதுக் காப்பீட்டில் இருக்கும் நீங்கள் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே உளச்சிகிச்சையாளரின் முதல் ஆலோசனைக்குப் போகலாம். அதற்கான நேரத்தை 116117 என்ற எண்ணில் ஏற்பாடு செய்து தருகிறார்கள். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், எந்த நேரமானாலும் 112ஐ அழையுங்கள். வெறுமனே பேச ஒரு குரல் வேண்டுமென்றால் டெலஃபோன்ஸேல்ஸோர்கெ என்ற கட்டணமற்ற உதவி எண் 0800 111 0 111 இரவு பகலாக இயங்குகிறது.

நட்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே அலுவலகத் தோழமை அலுவலகத்தோடு நின்றுவிடுவது வழக்கம். அதைப் புறக்கணிப்பாக எண்ண வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே ஆட்களைப் பார்க்கும்படி ஒன்றில் சேருங்கள். அருகில் உள்ள பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வகுப்பாகவோ, ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி மையத்தின் மாலை நேர ஜெர்மன் வகுப்பாகவோ அது இருக்கலாம். மதியம் எல்லோரும் சாப்பிட எழும்போது நீங்களும் எழுந்து போங்கள், அரைகுறை ஜெர்மனோடே. டிசம்பர் 24 முதல் புத்தாண்டு வரை பல நிறுவனங்கள் மூடிவிடும். அந்த நாட்களைத் தனி அறையில் கழிக்காமல், பழைய விடுதித் தோழிகளிடம் போய்வர இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

விடுவதா, தொடர்வதா

தொடரச் சொல்கிறேன். நீங்கள் வேதனைப்படுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அந்த அறையிலும், வேலை நேரத்திலும், தூக்கத்திலும் இருக்கின்றன. வேலை பிடிக்கவில்லை என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. இப்போது விட்டால் கட்டாயப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும், படிப்புக் காலம் நீளும், கடனுக்கான வட்டியும் ஏறும். முகவரிப் பதிவு முடிந்து, ஐந்து மணிக்குக் கிளம்பப் பழகி, மருத்துவரையும் பார்த்த பிறகு ஜனவரியில் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் விட்டுவிடத் தோன்றினால் தாராளமாக விடலாம். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் பேசி, முடித்த மாதங்கள் எவ்வளவு கணக்கில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் ஓய்வு தேவை என்று சொன்னால் ஜனவரி வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உடல்நலம் கடனைவிட முன்னால் நிற்க வேண்டியது.

வீட்டாரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தொலைவில் இருப்பவர்களுக்குத் தீர்வில்லாத செய்தி கலக்கத்தைத்தான் தரும் என்று நீங்கள் தயங்குவதும் புரிகிறது. ஆனால் "அறையில் ஒரு சிக்கல், வேறு அறை தேடிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் சோர்வாக இருக்கிறது" என்ற மூன்று உண்மைகளை இந்த ஞாயிறு அழைப்பில் அம்மாவிடம் சொல்லலாம். மகளுக்கு எந்தக் குறையுமே இல்லை என்று வாரந்தோறும் கேட்கும் தாய்க்கு, எதைப் பற்றி விசாரிப்பதென்றே தெரியாமல் போய்விடுகிறது.

அந்தப் பெண்மணிக்கு அனுப்பும் செய்தியை மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். அவர் என்ன பதில் போட்டாலும், ஒப்பந்தத்தின் நகலோடு எங்களுக்கு அனுப்புங்கள். பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதத்தை ஜெர்மன் மொழியில் எழுதித் தருகிறோம்.